வெர்னா சித்தியின் ஊதாப் பட்டை

எங்கள் வட்டாரத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஒரே பொம்பளை என் சித்தி வெர்னா கங்காஸ். அவளைக் கொல்லப் பார்த்தது பனி இல்லை, ஏரி இல்லை, சரிவில் பிரேக் பிடிக்காமல் வந்த, மரம் ஏற்றிய லாரியும் இல்லை. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு ரப்பர் பட்டை. அதை அவளே தன் கையில் மாட்டியிருந்தாள்.

என் அம்மாவின் தங்கை அவள். ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு என்னை அவளிடம் விட்டுவிட்டுப் போன அம்மா, அந்த லீவு இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. சித்தி மாடி அறையில் கிடந்த மீன்பிடிச் சாமான்களைத் தூக்கி ஷெட்டில் எறிந்தாள், மெத்தையைத் தட்டிப் போட்டாள்.

"இங்க படுத்துக்கோ. சனிக்கிழமை சவுனா, நீராவிக் குளியல். என் பூட்ஸுக்குள்ள ஏதாவது இருந்துச்சுன்னா உன்னைத்தான் முதல்ல பிடிப்பேன், இல்மி" என்றாள்.

மறுநாளே போட்டேன். ஓட்ஸ் கஞ்சி. காலை உள்ளே விட்டவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, அப்படியே வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து, "இதமா இருந்துச்சு. நாளைக்குக் கொஞ்சம் சர்க்கரை போடு" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்கூலுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. பாதி நாள் அவர்கள் என்னை வெளியே அனுப்புவார்கள், மீதி நாள் நானே போய்விடுவேன். அப்போதெல்லாம் சித்தியின் வண்டியில் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வேன். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் இறைச்சியும் கிழங்கும் அடைத்த பேஸ்டி. அதற்குக் கெட்சப் போடுகிறவன் மனுஷன், குழம்பு ஊற்றுகிறவன் வெளியூர்க்காரன் என்பது அவள் கட்சி. பனி தள்ளும் வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டே போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பனிச்சுவரை எழுப்பிவிட்டுப் போகும். எல்லா டிரைவரும் அப்படித்தான். சித்தியும் அப்படித்தான். ஆனால் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு வந்தால் மட்டும் முன்னால் பனி தள்ளும் பிளேடை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். "எதுக்கு சித்தி?" என்று கேட்டால், "அந்தப் பக்கம் பிளேடு ஸ்டக் ஆவுது" என்பாள். குறிப்பிட்ட வீடுகளில் மட்டும் ஸ்டக் ஆகும் பிளேடு.

இப்போது பட்டை.

போன வருஷம் மார்ச்சில் வெஸ்லி ஹூட்டா ஏரியில் போனான். எங்கள் ஹாக்கி டீமின் கோல்கீப்பர். பனிமேல் ஓட்டும் மோட்டார் வண்டியில் உறைந்த ஏரியைக் கடந்துகொண்டிருந்தபோது அடியில் ஐஸ் உடைந்துவிட்டது. விடிந்ததும் ஏரிச்சாலையைத் திறக்கப் போன சித்திதான் அந்த ஓட்டையை முதலில் பார்த்தாள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, ஓட்டை வரைக்கும் ஊர்ந்து போயிருக்கிறாள். மற்றவர்கள் வந்து காலைப் பிடித்து இழுக்கும் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாளாம். அந்த வசந்தம் முழுக்க அவள் சரியாகப் பேசவில்லை. நான் பூட்ஸில் எதுவும் போடவில்லை.

டீம் சட்டையின் ஊதா நிறத்தில், அவனுடைய முப்பத்தொன்றாம் எண்ணைப் போட்டு, ஊரே ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டது. கையால் கழற்றக் கூடாது. தானாக அறுந்து விழுந்தால்தான் உண்டு என்று யாரோ சொன்னார்கள், அது சட்டமாகிவிட்டது. பட்டை போட்ட இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் மணிக்கட்டோடு மணிக்கட்டை முட்டி, "முப்பத்தொண்ணு" என்பார்கள். பாதிரியார் கையில், பெட்ரோல் பங்க்காரன் கையில், எங்கள் ஊர்க் கிளினிக் நர்ஸ்கள் கையில் என்று எல்லாக் கையிலும் ஊதா. எல்லோர் கையிலும் இருப்பதை யார் கவனிப்பார்கள்?

வண்டியிலிருந்து குதித்துக் குதித்து சித்தியின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும், ஆனால் எங்கள் கிளினிக்கில் ஆகாது, வெளியூரில் ஒரு ஏரிக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். முதல் பனிக்குள் கால் சரியாகிவிட வேண்டும் என்பதற்காக ஆகஸ்ட்டிலேயே போனோம்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு நர்ஸ் வந்து கையைப் பார்த்தாள்.

"இதைக் கழட்டணும்மா."

"முழங்கால்லதானே வேலை? கைக்கு என்ன?"

"இங்க இந்தக் கலர் ஒத்துவராது."

"எனக்கு நல்லாத்தான் ஒத்துவருது. கண்ணுக்கும் பொருந்துது, பாரு" என்று சித்தி இமையைப் படபடவென்று அடித்தாள். அவள் கண் சாம்பல் நிறம்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். கழற்ற வைக்க முடியாது என்று தெரிந்ததும், பட்டை தெரியாதபடி அதன் மேல் அகலமான வெள்ளை டேப்பைச் சுற்றி ஒட்டினாள். ஏன் ஒத்துவராது என்று சித்தி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏதோ சுத்தபத்த விஷயம் என்று நினைத்தேன்.

அறைச் சுவரில் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. உங்கள் ஆளின் உடம்பில் ஏதோ மோசமாகிறது என்று உங்களுக்குப் பட்டால், யாரையும் கேட்காமல், கட்டிலோரத்து ஃபோனில் இந்த எண்ணை அழைக்கலாம், அவசரக் குழு ஓடிவரும், அது உங்கள் உரிமை என்று போட்டிருந்தது. சித்தி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விளையாட்டுக்கு அந்த ஃபோனைத் தொட்டேன்னு வெச்சுக்கோ, புது முழங்காலால உன்னைத்தான் முதல்ல உதைப்பேன்."

"நான் ஏன் சித்தி தொடப்போறேன்!"

"மூஞ்சியைப் பாரு. பூனை பால் குடிக்காதாம்."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் காலை சித்தி உட்கார்ந்து காப்பி குடித்தாள். டேப் அரிக்கிறது என்று நகத்தால் கிளப்பி, உருட்டி, என் நெற்றியைக் குறிபார்த்து எறிந்தாள். பட்டை மறுபடி வெளியே வந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கட்டிலுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை. 'இன்றைய இலக்கு' என்று போட்டு, நர்ஸ் அதன் கீழே 'கதவு வரை நடத்தல்' என்று எழுதியிருந்தாள். நான் அதை அழித்துவிட்டு, 'மேசை மேல் ஏறிப் போல்கா நடனம் ஆடுதல்' என்று எழுதினேன். சித்தி சிரித்ததில் தையல் வலித்தது. அதிலிருந்து வலி ஏறிக்கொண்டே போயிற்று. ஏற்கெனவே குழாய் வழியாக வலி மருந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஓர் ஊசியும் போட்டார்கள். சித்தி வாயைத் திறந்து தூங்கிப்போனாள்.

மத்தியானம் ஆள் மாறியது. புதிதாக வந்த நர்ஸ் ரோன்டா, தெற்கே வேறு மாகாணத்திலிருந்து கொஞ்ச நாளைக்கு வந்திருப்பவள். சித்தியின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. ரோன்டா வேகமாக உள்ளே வந்தாள். சித்தியின் மணிக்கட்டைப் பார்த்தாள். வேகம் போய்விட்டது. கையை நீட்டி, சத்தத்தை அமுக்கினாள்.

"அமைதியா இருக்கட்டும்" என்றாள்.

பிறகு பலகையைப் பார்த்தாள். போல்காவைப் படித்தாள். அவள் கண் கலங்கியது.

என் வாழ்க்கையில் என் ஜோக்குக்கு அழுத முதல் ஆள்.

ரோன்டா ஜன்னல் திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தாள். கைக்குட்டைத் தாள் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தாள். "வேற யாரையாவது கூப்பிடணுமா, கண்ணு? பாதிரியார் யாராவது?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு அவரைப் பிடிக்காது. சீட்டாட்டத்துல ஏமாத்துவாரு."

அவள் என் தோளை அழுத்திவிட்டுப் போனாள். என்னிடம் யாரும் காரணமில்லாமல் இவ்வளவு அன்பாக நடந்துகொண்டதில்லை. பெரியவர்கள் என்னிடம் அன்பாகப் பேசினால் பின்னால் போலீஸ் நிற்கும், அல்லது அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். நான் சித்தியைப் பார்த்தேன். குறட்டை விட்டாள். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி குறட்டை. அந்த 'ஒன்றுமில்லை' எனக்குப் பிடிக்கவில்லை. யாரையாவது கூட்டிவரலாம் என்று வெளியே போனேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு கிழவர், காகிதம் மாதிரி. பக்கத்தில் அவர் மகள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். கிழவரின் கையில் ஊதாப் பட்டை.

எனக்கு உயிர் வந்தது. நம்ம ஊர் ஆள்! நேராக உள்ளே போய், என் மணிக்கட்டை அவர் மணிக்கட்டில் மெதுவாக முட்டி, "முப்பத்தொண்ணு" என்றேன்.

கிழவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"என்னம்மா சொன்னே?" என்றாள் மகள்.

"நீங்க எந்தத் தெரு? ஹூட்டாவுக்குச் சொந்தமா?"

"நாங்க தீவுப் பக்கம்." அவள் என் கையைப் பார்த்தாள், முகம் மாறியது. "உன் கையிலயுமா? இந்த வயசுலயா? யாரும்மா உனக்கு இதைப் போட்டது?"

"ஏன்? இது ஹாக்கிப் பட்டை. வெஸ்லிக்காக."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். மெதுவாகப் பேசினாள். "இங்க ஊதான்னா வேற, கண்ணு. அப்பா கேட்டு வாங்கிக்கிட்டது. இதயம் நின்னுபோச்சுன்னா நெஞ்சை அமுக்கிக் குழாய் சொருகித் திரும்ப இழுத்துட்டு வரக் கூடாதுன்னு அர்த்தம். அமைதியாப் போக விடுங்கன்னு."

நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சித்தி! சித்தி, எந்திரி! உன் பூட்ஸுல தவளை விட்டிருக்கேன்!" தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு சாம்பல் நிறமாக இருந்தது, அவள் கண் மாதிரி. குறட்டை நின்றது. நானும் என் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு முட்டவில்லை.

நர்ஸ் மேசைக்கு ஓடினேன்.

"சிஸ்டர், அது ஹாக்கிப் பட்டை! எங்க சித்தி சாகக் கேக்கல, முழங்காலுக்கு வந்திருக்காங்க! மூச்சு விடல!"

ரோன்டா எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

"கண்ணு, இந்த நேரத்துல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். மனசு ஏத்துக்காது. ஆனா பெரியவங்க அவங்களே எடுத்த முடிவு இது. நாம அதை மதிக்கணும், இல்லையா?"

"அவங்க முடிவே எடுக்கல! பாருங்க, என் கையிலயும் இருக்கு!"

"அவங்களை மாதிரியே நீயும் போட்டுக்கிட்டியா?" என்றாள். மறுபடி அவள் கண் கலங்கியது.

ஒருத்தி கெட்டவளாக இருந்தால் கடித்துவிட்டு ஓடலாம். நல்லவளை என்ன செய்வது? கத்தக் கத்த அவள் இன்னும் அன்பாகிக்கொண்டே போனாள். நான் கையை உருவிக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

மஞ்சள் அட்டை. ஃபோன். எண்ணை அழுத்தும்போது விரல் வழுக்கியது. "வெர்னா கங்காஸ், மூச்சு விடல, விளையாட்டு இல்ல, சத்தியமா விளையாட்டு இல்ல" என்றேன். அறை எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன்.

அவர்களும் வந்து அந்தக் கையைத்தானே பார்ப்பார்கள்? அவர்களும் நின்றுவிட்டால்? பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் கை வீங்கியிருந்தது, ரப்பர் சதைக்குள் பதிந்திருந்தது. கட்டைவிரல் எலும்பைத் தாண்ட மறுத்தது. கத்தரிக்கோல் எங்கேயும் இல்லை. குனிந்து, அவள் மணிக்கட்டை வாயில் வைத்து, பல்லால் கடித்தேன். ரப்பர் இழுபட்டது, நழுவியது, மறுபடி கடித்தேன். வெளியே சக்கரங்கள் உருண்டு வரும் சத்தம் கேட்டது. தாடை விண்ணென்று வலித்தது. பட் என்று அறுந்தது.

ஐந்தாறு பேர் உள்ளே பாய்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து ரோன்டா, "நில்லுங்க, ஊதா, அவங்க ஊதா!" என்றாள். முன்னால் வந்த குட்டையான டாக்டரம்மா கையில் காற்றுப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். எல்லோரும் நின்றார்கள். அந்த அறையில் எதுவும் அசையவில்லை, சித்தியின் நெஞ்சு உட்பட.

டாக்டரம்மா கையைப் பார்த்தாள். வெறும் மணிக்கட்டு, பல் தடம், எச்சில். பிறகு என்னைப் பார்த்தாள். பட்டை இன்னும் என் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. துப்பினேன்.

"இது கோல்கீப்பர் வெஸ்லியோட நம்பர். எங்க ஊர்ல நாய்கூட இதைப் போட்டிருக்கு. சித்தி முதல் பனிக்குள்ள வண்டி ஓட்டணும். அவங்களைத்தானே கேக்கணும், எங்கிட்ட கேக்காதீங்க, எழுப்பி அவங்களைக் கேளுங்க!"

"கணினியில பாரு" என்றாள் டாக்டரம்மா ஒருவனிடம், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காற்றுப் பையைச் சித்தியின் முகத்தில் பொருத்தி அழுத்த ஆரம்பித்துவிட்டாள். "எந்த உத்தரவும் இல்ல டாக்டர், எல்லாம் செய்யணும்னுதான் இருக்கு" என்று அவன் கத்தினான். வலி மருந்துக் குழாயை நிறுத்தினார்கள். எதிர்மருந்து என்றார்கள், ஏற்றினார்கள். ஒருவன் விரல் முட்டியால் அவள் நெஞ்சு எலும்பைத் தேய்த்தான்.

சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன், யாரோடு என்று தெரியவில்லை. இனிமேல் கஞ்சி இல்லை, தவளை இல்லை, பாதிரியார் காரில் மீன் இல்லை.

சித்தி திடீரென்று, தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிறவள் மாதிரி, ஒரு பெரிய மூச்சை இழுத்தாள்.

"எவன்டா அது என் நெஞ்சைப் போட்டுத் தேய்க்கிறது? கையை எடு, நாயே!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. கைக்குட்டைத் தாள் பெட்டி பக்கத்தில் இருந்தது, வீணாகப் போக வேண்டாமே என்று இரண்டு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா தனியாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்தது அத்தனையையும் சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மருந்தின் மேல் மருந்து ஏறியதையும், பட்டையை நம்பி யாரும் கணினியைத் திறந்து பார்க்காததையும் மறைக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். அது நிஜமான பட்டையா இருந்தாலும் நாங்க ஓடி வந்திருக்கணும். இதயம் நின்னா என்ன செய்யறதுங்கறதுக்குத்தான் அது. மூச்சு குறையறதை வேடிக்கை பாக்கச் சொல்லல. எங்க தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

ரோன்டா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சித்தி அவளைக் கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. நீ கெட்டவ இல்ல. ஆனா நான் வாயுள்ள ஆளு, பாத்தியா? அடுத்த தடவை கையைப் பாக்காதே, என்னைக் கேளு. நான் தூங்கிட்டு இருந்தா எழுப்பிக் கேளு. எழுந்திருக்கலேன்னா, அப்போ ஓடு."

பக்கத்து அறைக் கிழவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். யாரும் ஓடவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அந்தக் கதவு மூடியிருப்பதைப் பார்த்து நான் சித்தியிடம் சொன்னேன்.

"அவர் கேட்டது அவருக்குக் கிடைச்சுது. அதையே எனக்கும் குடுக்கப் பாத்தாங்க, அவ்வளவுதான்" என்றாள். பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "பட்டை எங்கடி?"

"அறுந்துபோச்சு."

"தானாவா?"

"நீ மூச்சு விடாம கெடந்தே சித்தி."

"தானாவான்னு கேட்டேன்."

"பல்லால கடிச்சேன்."

"கையையும் சேர்த்துத்தான் கடிச்சிருக்கே, கழுதை." அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "உப்பு கரிச்சிருக்குமே?"

"கெட்சப் இல்லாம சாப்பிட்டேன்."

ஊர் திரும்பியதும் ஊன்றுகோலோடு நேராக ஹூட்டா வீட்டுக்குத்தான் போனாள். நான் பொறுக்கி வைத்திருந்த அறுந்த பட்டையை வெஸ்லியின் அம்மாவுக்கு முன்னால் சமையலறை மேசையில் வைத்தாள். தப்பு செய்துவிட்டவள் மாதிரி நின்றாள். வெஸ்லியின் அம்மா அதை எடுத்து, பல் தடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் ஆடறப்போ பல்லுக்கு மாட்டற ரப்பர் காப்பை இப்படித்தான் கடிச்சுத் துப்பி வெப்பான்" என்றாள். சிரித்தாள். அந்த மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சித்தி என்ன செய்வதென்று தெரியாமல், மேசையில் இருந்த ரொட்டியை எடுத்துத் தின்றாள்.

முதல் பனி தாமதமாகத்தான் விழுந்தது. சித்தி வண்டியில் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பட்டையை டேப்பில் மறைக்காமல், கழற்றி வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது இப்போது ஊரில் புதுச் சட்டம். என்னுடையது கையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிழவரின் மணிக்கட்டு நினைவுக்கு வருகிறது.

வேலை முடிந்து வந்து சித்தி அடுப்போரம் நாற்காலியில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிடுவாள், வாயைத் திறந்துகொண்டு. குறட்டை வரும். அப்புறம் ஒன்றுமில்லை. நான் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு, கையில் கரண்டியோடு, அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பேன். என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.

"இன்னும் சாகலடி" என்பாள் சித்தி, கண்ணைத் திறக்காமல். "கஞ்சி அடிபிடிக்குது. போய்க் கிண்டு."